எம்பிஏ முடித்த மகளும் லண்டன் மாமாவும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு 25 வயது, பீபிஏ முடித்த கையோடு எம்பிஏயும் முடித்து 8 மாதமாகிறது, இன்னும் வேலை இல்லை. லண்டன் மாமா "இங்கே வந்து இன்னொரு மாஸ்டர்ஸ் செய்யட்டும்" என்கிறாராம். அதற்காக வீட்டு உறுதியை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டார்.

வைக்காதீர்கள். ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன், உறுதி என்றதும் அதை விட்டுவிட்டேன். எம்பிஏ சில வருடம் வேலை பார்த்தவர்களை மனதில் வைத்து வந்த படிப்பு. வேலையே பார்க்காத பிள்ளை அதோடு போய் நின்றால் மானேஜராகப் போட அனுபவம் இல்லை, கிளார்க்காகப் போட்டால் நிற்காது என்று கம்பனிக்காரர் பயப்படுகிறார். இன்னொரு மாஸ்டர்ஸ் அந்தப் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். வங்கி வேலை, சீமா என்ற கணக்கியல் படிப்பு பற்றிப் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள், நான் விடுகிறேன்.

எம்பிஏயில் எது பிடித்தது என்று பிள்ளையைக் கேட்டேன், பதில் இல்லை. அப்பாவின் புறக்கோட்டைக் கடைக்குத் துணி வரும்போது இன்வாய்ஸை யார் பார்ப்பது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒருமுறை இன்வாய்ஸில் 40 பேல், பேக்கிங் லிஸ்டில் 38, அதைப் பிடித்தது அவள்தானாம். சீவியில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை!

கொழும்பில் இருந்துகொண்டே துறைமுகத்தை மறந்துவிடுகிறோம், காலிமுகத்திடலுக்குக் காற்று வாங்கப் போவதோடு சரி. பிறருடைய சரக்கை அனுப்பிவைக்கும் ஃபிரைட் ஃபார்வர்டிங் கம்பனிகளில் டொகியுமென்டேஷன், அதாவது ஆவண வேலை, என்று ஒரு பகுதி இருக்கிறது. பீஎல் என்ற கப்பல் சரக்குச் சீட்டைத் தயாரிப்பது, கஸ்டம்ஸுக்கு எச்எஸ் கோட் என்ற சரக்கு வகை எண்ணைப் பார்ப்பது, எல்சி என்ற வங்கிக் கடன் கடிதத்தில் கேட்டபடி எல்லாம் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது. எச்எஸ் கோட்டில் அதே கறுப்புத் தேயிலை, 3 கிலோவுக்கு மேற்படாத பொதி என்றால் 0902.30, மேற்பட்டால் 0902.40. எல்சியில் வேறு கெடு இல்லாவிட்டால் சரக்கேற்றி 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுக்கவேண்டும், வங்கி 5 வேலைநாளுக்குள் பார்த்துச் சொல்லும், பிழை இருந்தால் பணம் மாட்டிக்கொள்ளும். 38 பேலைப் பிடித்த கண்ணுக்கு இங்கேதான் வேலை. தூத்துக்குடிக் கன்டெய்னர் பெட்டிகள் பல கொழும்பில் கப்பல் மாறுகின்றன, அங்குள்ள ஏஜென்டோடு தமிழில் பேச ஆள் இருந்தால் பாதிச் சிக்கல் போனிலேயே தீரும். இந்தத் துறைக்கான ஃபியாட்டா டிப்ளோமாவை வேலையில் இருந்துகொண்டே பிறகு செய்யலாம்.

"எம்பிஏ முடித்தவள் கிளார்க்கா என்று கேட்பார்களே" என்றார் அம்மா. கேட்கட்டும், கடன் கட்டப்போவது அவர்களில்லை.

சீவியில் புறக்கோட்டைக் கடை மேலே வரட்டும், எம்பிஏ கீழே ஒரு வரி போதும். தொடக்கச் சம்பளம் சின்னதாகத்தான் இருக்கும், அதற்காக இன்டர்வியூவில் முகம் சுளிக்க வேண்டாம். ஆனால் ஒரு ஷிப்மென்டின் ஃபைலை ஆரம்பத்திலிருந்து முடியும்வரை தன்னிடம் தருவார்களா என்று கேட்கவேண்டும். வெறும் டைப்பிங் என்றால் 6 மாதத்தில் வேறு இடம் பார்க்கட்டும்.