காமன்வெல்த் டேபிள் டென்னிஸ்: கேட்டதும் சொன்னதும்

இருபது வருடத்துக்கு மேலாகக் கோவையில் பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன், மாவட்டப் போட்டிகளில் அம்பயராகவும் உட்காருவேன். காமன்வெல்த் போட்டிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் கீழே.

கேள்வி (மதுரை): 2026 கிளாஸ்கோவில் நம் ஆட்டம் உண்டா?

இல்லை. மொத்தமே பத்து விளையாட்டுகள்தான், அதில் டேபிள் டென்னிஸ் கிடையாது. ஹாக்கி, பேட்மிண்டனும் போய்விட்டன. 2002 மான்செஸ்டரில் உள்ளே வந்த ஆட்டம் இது. எனக்கு ரொம்ப வருத்தம்.

கேள்வி (தஞ்சாவூர்): சீனா இல்லாத போட்டியில் தங்கம் வாங்குவது பெரிய விஷயமா? நம் இந்திய வீரர் ஷரத் கமலை இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

கொண்டாட வேண்டும். 2006 மெல்போர்னில் ஒற்றையர் தங்கம், 2022 பர்மிங்ஹாமில் மறுபடி ஒற்றையர் தங்கம், நடுவில் 16 வருடம். பர்மிங்ஹாமில் அவருக்கு வயது 40. இறுதி ஆட்டத்தில் எதிரே இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்ட், அரங்கம் முழுக்க அவர் ஊர்க்காரர்கள். முதல் கேம் 11-13 என்று போனது. அதற்குப் பிறகு 11-7, 11-2, 11-6, 11-8. அந்த மூன்றாவது கேமைப் போட்டுப் பாருங்கள், ஒரு நல்ல ஆட்டக்காரரை இரண்டே பாயிண்டில் நிறுத்துவது லேசான வேலையா? அதே போட்டியில் ஆண்கள் குழுவிலும், ஸ்ரீஜா அகுலாவோடு கலப்பு இரட்டையரிலும் தங்கம், சத்யனோடு ஆண்கள் இரட்டையரில் வெள்ளி. ஐந்து காமன்வெல்த் சேர்த்து 13 பதக்கம், அதில் ஏழு தங்கம்.

"சீனா இல்லை" என்பதும் பாதிதான் சரி. சிங்கப்பூர் பெண்கள் குழுவைப் பாருங்கள். ஃபெங் தியான்வே, யூ மெங்யூ இருவரும் சீனாவில் பிறந்து, அங்கே பயிற்சி எடுத்து வந்தவர்கள். 2002 முதல் 2014 வரை பெண்கள் குழுத் தங்கத்தை சிங்கப்பூர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2018 கோல்ட் கோஸ்டில் நம் பெண்கள் அவர்களை 3-1 என்று வென்றார்கள். மனிகா பத்ரா குழு இறுதியிலும் ஃபெங்கை ஜெயித்தார், ஒற்றையர் அரையிறுதியில் 4-3 என்று மறுபடியும் ஜெயித்தார், இறுதியில் யூ மெங்யூவை 4-0. ஃபெங் ஒலிம்பிக் ஒற்றையரில் வெண்கலம் வாங்கியவர். இதை மலிவான தங்கம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

கேள்வி (சேலம்): என் பெண்ணுக்கு 9 வயது. மனிகா மாதிரி பிம்பிள்ஸ் ரப்பர் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். பிம்பிள்ஸ் என்பது மேலே சின்னச் சின்ன முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்; முளை நீளமாக இருந்தால் லாங் பிம்பிள்ஸ். எதிராளி டாப் ஸ்பின் (முன்பக்கமாகச் சுழல்வது) போட்டு அடித்த பந்து லாங் பிம்பிள்ஸில் பட்டுத் திரும்பும்போது அவருக்கு அண்டர் ஸ்பின்னாக (பின்பக்கமாகச் சுழன்று) போய்ச் சேரும். அவர் வழக்கம்போல் அடிப்பார், பந்து வலையில் விழும். மாவட்ட அளவில் இப்படியே பத்து மேட்ச் ஜெயித்துவிடலாம், ஆனால் பிள்ளைக்குச் சொந்தமாகச் சுழற்சி போடவே தெரியாமல் போய்விடும். முதலில் இரண்டு பக்கமும் சாதாரண ரப்பர். அதைவிட முக்கியம் சர்வீஸ்: உள்ளங்கையை விரித்து, பந்தைக் குறைந்தது 16 செ.மீ. தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): பிம்பிள்ஸ் ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. விதிப்படி ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம். எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அந்த விதி. பார்த்து ஆடுவது அவர் பொறுப்பு.

கேள்வி (திருநெல்வேலி): என் பையனுக்கு அம்பயர் மூன்று முறை சர்வீஸ் ஃபால்ட் கொடுத்துவிட்டார். அநியாயம் இல்லையா?

நான் அங்கே இல்லை. வழக்கமாக என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஆரம்பத்தில் சரியாகப் போடுவார்கள். 9-9 ஆனதும் விரல்கள் பந்தைச் சுற்றி மூடிக்கொள்ளும், பந்து நாலு விரல்கடைகூட எழும்பாது, கையிலிருந்தே பேட்டுக்குப் போகும். விதி 16 செ.மீ. கேட்கிறது. வலையின் உயரம் 15.25, அதைவிடக் கொஞ்சம் கூட. வீட்டிலேயே அளந்து பழக்கலாம்.

கேள்வி (தஞ்சாவூர், மறுபடி): அப்படியானால் ஒலிம்பிக்கில் ஏன் ஒன்றும் இல்லை?

நியாயமான கேள்வி. 1988 சியோலில் தொடங்கி பாரிஸ் வரை 42 தங்கத்தில் 37 சீனாவுக்கு. அந்தச் சுவரில் எல்லா நாடும்தான் முட்டுகிறது. டோக்கியோவில் ஷரத், மா லாங்கிடம் ஒரு கேம் எடுத்து 1-4 என்று தோற்றார். பாரிஸில் மனிகாவும் ஸ்ரீஜாவும் ஒற்றையரில் கடைசி 16 வரை போனார்கள், பெண்கள் குழு ருமேனியாவை வென்று காலிறுதியில் ஜெர்மனியிடம் நின்றது. தூரம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஹாங்சோ ஆசியப் போட்டியில் சுதீர்த்தா முகர்ஜி, அய்ஹிகா முகர்ஜி ஜோடி, அப்போதைய உலக இரட்டையர் சாம்பியன்களான சென் மெங், வாங் யிடி ஜோடியைச் சீன மண்ணிலேயே தோற்கடித்து வெண்கலத்தோடு வந்தது. கேட்டால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி (வேலூர்): எந்த பிராண்டு பேட் நல்லது?

உங்கள் கோச்சிடம் கேளுங்கள். பிள்ளையின் கையைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி (நாமக்கல்): 2026-ல் டேபிள் டென்னிஸ் இருக்கிறதா?

மேலே முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (கரூர்): சர்வீஸில் பந்தை எவ்வளவு தூக்க வேண்டும்?

16 செ.மீ. இரண்டு முறை எழுதிவிட்டேன். தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): சரி, ஒத்துக்கொள்கிறேன். எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம்?

மனிகா, ஃபெங் அரையிறுதி. ஏழாவது கேமிலிருந்து பாருங்கள், அப்புறம் முதலிலிருந்து. ஸ்கோரை விட்டுவிட்டு, பிம்பிள்ஸ் பக்கத்தை மாற்ற மனிகா பேட்டைக் கைக்குள் திருப்பும் நொடியையும் அடுத்த பந்துக்கு ஃபெங்கின் கால் எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், அந்த ஒரு மேட்சைப் பற்றி மட்டுமே பேசலாம்.