கிட்ல வாற சிஆர்எல்எஃப் வோர்னிங்: ஓஃப் பண்ணிப்போடாதேங்கோ

கோட்டில செய்யிற மாற்றங்களப் பதிஞ்சு வைக்கிற கிட் எண்ட சொஃப்ட்வெயாரைப் பற்றி கிளிநொச்சியில படிக்கிற தங்கச்சி ஒராள் கேட்டிருக்கிறா: "அண்ணா, என்ர லப்டொப் விண்டோஸ், புதுக்குடியிருப்பில இருக்கிற சிநேகிதிட்ட உபுண்டு லினக்ஸ், ரெண்டு பேரும் நெல்லு மில்லுக்கு ஒரு பில் சிஸ்டம் செய்யிறம். கிட் ஆட் குடுக்கேக்க எல்லாம் எல்எஃப் சிஆர்எல்எஃப்பா மாறும் எண்டு வோர்னிங் வருது. ஆட்டோசிஆர்எல்எஃப் எண்ட செட்டிங்க ஃபோல்ஸ் ஆக்கினா வராதாம், ஆக்கவோ?"

ஆக்காதேங்கோ தங்கச்சி. உது எரர் இல்லை, உங்கட கோட்டில ஒண்டும் பழுதாகேல்லை. கச்சேரியடியில தட்டச்சு மெசினில பெட்டிசம் அடிக்கிறவையப் பாத்திருந்தா விளங்கும், வரி முடிய கைபிடியத் தள்ளேக்க ரெண்டு வேலை நடக்கும், உருளை தொடக்கத்துக்கு வரும், பேப்பர் ஒரு வரி மேல ஏறும். அந்த ரெண்டையும் விண்டோஸ் இண்டைக்கும் 13 (சிஆர்), 10 (எல்எஃப்) எண்ட நம்பருள்ள ரெண்டு எழுத்தா வரி முடிவில வைக்குது, லினக்ஸ் 10 மட்டும். கிட் சொல்லுறது என்னெண்டா, ரிப்போவுக்குள்ள (கிட் எல்லாத்தையும் சேமிக்கிற இடம்) 10 மட்டும் வைக்கிறன், அடுத்தமுறை உங்கட ஃபோல்டருக்கு எடுத்துத் தரேக்க 13ஐயும் சேத்துத் தருவன் எண்டுதான்.

ஃபோல்ஸ் ஆக்கினா வோர்னிங் போகும், ஆனா நீங்கள் விண்டோஸில எழுதிற ஃபைலுகளின்ர 13 அப்பிடியே கொமிட்டுக்குள்ள (கிட்டில பதியிற மாற்றத்துக்குள்ள) போயிடும். நானும் ஒருக்கா அப்பிடிச் செய்துபோட்டு ஒரு இரவு முழுக்க நித்திரை இல்லாமல் இருந்தனான், பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கொமாண்டுகள வரிசையா ஓட்டுற ஃபைல்) சேர்வரில ஓடாம "பாட் இன்டர்பிரிட்டர்" எண்டு நிக்குது, முதல் வரியில /பின்/பாஷ் எண்டு சரியாத்தான் கிடக்கு, ஆனா கடைசியில கண்ணுக்குத் தெரியாத ஒரு 13 ஒட்டிக்கொண்டிருக்க லினக்ஸ் அந்த 13ஓட சேத்து அப்பிடி இல்லாத ஒரு புரோகிராமத் தேடிக்கொண்டிருக்கு. மாற்றங்களக் காட்டுற டிஃப்பும் அப்பிடித்தான், ஒரு எழுத்து மாத்தின ஃபைல் முழுக்க சிவப்பும் பச்சையும், ஆர் எதை மாத்தினது எண்டே பிடிக்கேலாது.

ரூல ஆளாளுக்குத் தங்கட மெசினில வைக்காம ரிப்போவுக்குள்ளயே வையுங்கோ. மேல் ஃபோல்டரில .கிட்ஆட்ரிபியூட்ஸ் எண்டு ஒரு ஃபைல், முன்னுக்குப் புள்ளி முக்கியம். முதல் வரி * டெக்ஸ்ட்=ஆட்டோ, ரெண்டாவது பாஷ் ஸ்கிரிப்டுகளுக்கு, *.எஸ்எச் டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப், இதுகள ஆங்கில எழுத்தில அடியுங்கோ. சிநேகிதியிட்டக் கிடக்கிற வேலையெல்லாம் புஷ் பண்ணி (ரிப்போவுக்கு அனுப்பி) மேர்ஜ் ஆன (ஒண்டாச் சேந்த) பிறகுதான் கிட் ஆட் --ரீநோர்மலைஸ் . எண்டு குடுத்து பழைய ஃபைலுகளின்ர வரி முடிவுகளையும் அந்த ரூலுக்கு மாத்தவேணும், இல்லாட்டி கொன்ஃப்ளிக்ட்டில ரெண்டு பேரும் மாளுவியள். அதைத் தனிக் கொமிட்டாப் போடுங்கோ, வேற வேலையோட கலக்காதேங்கோ. அந்தக் கொமாண்டுக்கு கிட் 2.16 ஆவது வேணும்.

பிறகு கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல் அடிச்சுப் பாருங்கோ. ஐ/எல்எஃப் எண்டு வந்தா ரிப்போ துப்புரவு. பக்கத்தில டபிள்யூ/சிஆர்எல்எஃப் எண்டு கிடந்தா அது உங்கட ஃபோல்டரில இருக்கிறது, அதில பிழையில்லை. வோர்னிங் இடைக்கிட வரும், வரட்டும், விடுங்கோ.