அந்த 1: எங்கிருந்து வந்தது?

அன்புள்ள அக்கா,

மற்ற நிரல்கள் பயன்படுத்தும் சின்ன மென்பொருள் லைப்ரரி ஒன்றைப் பராமரிக்கிறேன். நான் வெளியிட்டது 2.4. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் அது 1:2.4-3 என்று இருக்கிறது. நான் வெளியிடாத வெர்ஷனுக்கெல்லாம் எனக்கு பக் ரிப்போர்ட் வருகிறது. அவர்கள் என் எண்ணை அப்படியே விட்டால் என்ன? பேசாமல் பழையபடி தேதியையே வெர்ஷனாக்கிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன வாரம் முழுக்க இதே நினைப்பில்தான் இருந்தேன், அதனால் உடனே எழுதுகிறேன்.

பக் ரிப்போர்ட் பெரிய விஷயமில்லை. டெபியன் மாதிரி டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பில்) நிறுவியவர்கள் முதலில் அங்கே பதியட்டும் என்று ரீட்மீயில் ஒரு வரி எழுதுங்கள், போதும்.

-3 என்பது உங்கள் 2.4ஐ வைத்து அவர்கள் மூன்றாவது முறை கட்டிய பேக்கேஜ். வால்தானே என்று நினைக்காதீர்கள். 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, ஓபன்எஸ்எஸ்எல் அதை 1.0.1ஜி-யில் சரிசெய்தது, டெபியனின் அப்போதைய வெளியீடான வீஸி 1.0.1இ-யிலேயே நின்று திருத்தத்தை மட்டும் சேர்த்துக்கொண்டது. முன்பாதியை மட்டும் பார்த்தவர் ஓட்டை அப்படியே இருக்கிறது என்று பயந்திருப்பார். பதில் வாலில் இருந்தது.

சரி, அந்த 1:. அதை யார் போட வைத்தது? "பழையபடி தேதி" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 20160412 மாதிரி எண் வைத்திருந்துவிட்டு ஒருநாள் 1.0 என்று மாற்றினால், எது புதியது என்று ஒப்பிடும் நிரலுக்கு இரண்டு கோடி பெரிதா, ஒன்று பெரிதா? அதைத் தாண்டத்தான் முன்னால் 1: என்று எப்பாக் போட்டிருக்கிறார்கள், நிரல் முதலில் ஒப்பிடுவது அதைத்தான். உங்கள் எண்ணை யாரும் கெடுக்கவில்லை தம்பி, நீங்கள் குலைத்த வரிசையை ஒருவர் சேர்த்துப் பிடித்திருக்கிறார்.

கோபத்தில் சொல்லவில்லை, நானே பட்டிருக்கிறேன். பேக்கேஜ் போட ஆரம்பித்த புதிதில் ஒரு ப்ராஜெக்டின் 1.0ஆர்சி1ஐ (1.0க்கு முந்தைய சோதனை வெளியீடு) அதே எண்ணில் ஏற்றிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து 1.0 வந்தது, ஏற்றினால் "இருப்பதைவிடப் பழையது" என்று திரும்பிவிட்டது. 1.0க்குப் பின்னால் எழுத்து வந்தால் அது 1.0ஐவிடப் பெரியது. நடுவில் ஒரு டில்டே வைத்து 1.0~ஆர்சி1 என்று போட்டிருந்தால் சின்னதாகியிருக்கும், ஒரே ஒரு குறி. அவசரத்தில் 1: சேர்த்து ஏற்றினேன். அப்புறம்தான் தெரிந்தது, போட்டால் போட்டதுதான், எடுக்கவே முடியாது. அதோடு போகவில்லை. இதன் 2.0க்கு மேல் வேண்டும் என்று வேறு ஒரு பேக்கேஜில் 1: இல்லாமல் எழுதியிருந்தார்கள், நிரலின் கணக்கில் 1:1.0 அந்த 2.0ஐவிடப் பெரியது, ஆகவே பழைய லைப்ரரியோடு சந்தோஷமாக நிறுவிக்கொண்டு ஓடும்போது விழுந்தது. அந்த ரிப்போர்ட்டை எழுதியவர் மூன்று நாள் தன் கோடிலேயே தவறைத் தேடியிருந்தார். இன்றுவரை அது என் மனதை விட்டுப் போகவில்லை.

2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற கோப்பு சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் ரகசியமாக நுழைவதற்கான பின்கதவு இருப்பது தெரிந்தது. டெபியன் 5.4.5க்குத் திரும்ப வேண்டும், ஆனால் எண்ணைக் குறைத்தால் 5.6.1 வைத்திருப்பவர்களுக்கு அப்டேட் போகாது. அந்தப் பதற்றத்திலும் எப்பாக்கைத் தொடாமல் 5.6.1+ரியலி5.4.5 என்று வைத்தார்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் அடுத்த நல்ல வெர்ஷன் வந்ததும் அந்த ஒட்டு தானாக உதிர்ந்துவிடும். எப்பாக் உதிராது. வெளியே போன எண் உங்களுடையது மட்டுமில்லை, அதை நிறுவியிருக்கிற ஒவ்வொரு கணினியும் அதைவிடப் பெரியதுக்காகக் காத்திருக்கிறது. "எனக்குப் பிடித்த மாதிரி எண் வைப்பேன்" என்பதெல்லாம் முதல் வெளியீட்டுக்கு முந்தைய நாள் வரைக்கும்தான்.

தேதிக்குத் திரும்பினால் ஏறிவிடும், 2.4ஐவிடப் பெரியதுதான். மறுபடி மனம் மாறி 3.0 என்றால் டெபியனில் உங்கள் பேக்கேஜைக் கட்டுகிறவர் 2: போட வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு மெயில் போடுங்கள். பேக்கேஜ் விவரத்தில் மெயின்டெய்னர் என்ற வரியில் முகவரி இருக்கிறது. இத்தனை வருடமாக உங்கள் லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிறவர், உங்களிடமிருந்து ஒரு வரியாவது அவருக்குப் போயிருக்கிறதா?