சேரலாமா இந்தச் 'சகோதரி'களோடு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளுக்கு அமெரிக்காவின் தென் மாநிலமொன்றில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. ஓகஸ்டில் பயணம். அங்கே 'சொரொரிட்டி'யில் சேரப்போகிறேன், இப்போதே பதிய வேண்டும் என்கிறாள். வீடியோக்களில் பார்த்தால் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு வாசலில் நின்று கைதட்டிப் பாடுகிறார்கள். இது நம்மூர்ப் பகிடிவதையின் மறுபெயரா? எவ்வளவு காசு போகும்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: பகிடிவதை அல்ல. பகிடிவதை எட்டியே பார்க்காத இடம் என்றும் சொல்வதற்கில்லை. சொரொரிட்டி என்பது மாணவியர் மட்டும் சேரும் சங்கம். லத்தீனில் 'சொரொர்' என்றால் சகோதரி. கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்திருப்பார்கள், ஒரே சங்கத்துக்கு நாடெங்கும் பல வளாகங்களில் கிளைகள் இருக்கும். அவற்றில் 26 சங்கங்கள், 1902இல் தொடங்கிய நேஷனல் பான்ஹெலனிக் கொன்பரன்ஸ் என்ற பேரவையில் இருக்கின்றன. நீங்கள் வீடியோவில் பார்த்த வாசல்கள் பெரும்பாலும் இவர்களுடையவை.

விமான டிக்கட் போடுமுன் திகதிகளைப் பாருங்கள். தென் மாநிலங்களின் பெரிய வளாகங்களில் சேர்ப்பு வாரம் வகுப்புகள் தொடங்குமுன்பே, ஓகஸ்டில் முடிந்துவிடும். பதிவு அதற்கு வெகு முன்னதாகத் திறந்து, முன்னதாகவே மூடும். (சில பல்கலைக்கழகங்கள் இதை ஜனவரிக்குத் தள்ளிவைத்திருக்கின்றன.) எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதல் தடவை போகிறவர், பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்திலுள்ள தொடக்கத் திகதிக்கு 30 நாளுக்கு மேல் முந்தி நாட்டுக்குள் நுழைய முடியாது. வெளிநாட்டு மாணவர் அறிமுக நாட்களும் பல இடங்களில் அதே வாரத்தில்தான் விழும். இரண்டும் மோதினால் அறிமுக நாட்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விசாப் பதிவும் காப்புறுதியும் அங்கேதான் நடக்கும். சேர்ப்பு வாரத்தின் எந்தச் சுற்றுக்கு வர முடியாது என்பதை வளாகத்துப் பான்ஹெலனிக் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிவிட்டால், அதைச் சங்கங்களுக்கு அறிவிப்பார்கள். சொல்லாமல் விட்டால், வர விருப்பமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வாரம் வழக்கமாக நாலு சுற்று. முதற் சுற்றில் எல்லாச் சங்கங்களுக்கும் போய் சிறிது நேரம் பேச வேண்டும். அடுத்தது அவர்கள் செய்யும் தொண்டு பற்றியது. மூன்றாவதில் அங்கத்தவர் சேர்ந்து தங்கும் சங்க வீட்டையும் அவர்கள் வாழ்க்கையையும் காட்டுவார்கள். கடைசிச் சுற்றுக்கு இரண்டு சங்கங்கள்தான் மிஞ்சும், சில இடங்களில் மூன்று; பேச்சு நீளும், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், சிலர் அழவும் செய்வார்கள். ஒவ்வொரு சுற்றின் பிறகும் உங்கள் மகள் தன் விருப்ப வரிசையைக் கொடுப்பாள், சங்கங்களும் தங்கள் பட்டியலைக் கொடுக்கும், கணினி பொருத்திப் பார்க்கும். கிட்டத்தட்ட நம்மூர்க் கலியாணப் பேச்சுத்தான், என்ன, இங்கே சாதகம் பார்ப்பது கணினி. நூற்றுக்கணக்கான பெண்களோடு சில நிமிடங்கள் பேசி எடுக்கும் தீர்மானம் அது. ஒரு சங்கம் கூப்பிடவில்லை என்றால் மகளிடம் ஏதோ குறை என்று நீங்கள் இருவரும் நினைத்துவிடக் கூடாது.

கவனம் தேவைப்படும் இடம் கடைசிச் சுற்று முடிந்த கையோடு வரும் கையெழுத்து. 'இந்தச் சங்கங்களில் எது அழைத்தாலும் ஏற்பேன்' என்ற ஒப்பந்தம் அது. அதில் எழுதிய சங்கம் அழைத்து, அவள் மறுத்தால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டுச் சேர்ப்பு வரை பேரவையின் வேறெந்தச் சங்கத்திலும் சேர முடியாது. ஆகவே, சேர மனமில்லாத சங்கத்தின் பெயரை மரியாதைக்காக எழுதக் கூடாது. ஒன்றே ஒன்றை மட்டும் எழுதினாலோ, அது கைவிட்டால் கையில் ஒன்றும் இராது. இரண்டுமே பரவாயில்லை என்றால் இரண்டையும் எழுதுவதே புத்தி. இன்னொன்று: சில வாரப் புது அங்கத்தவர் காலம் முடிந்து உள்வாங்கும் சடங்கு நடந்துவிட்டால், பிறகு வாழ்நாளில் பேரவையின் வேறு சங்கத்துக்கு மாற முடியாது. பிடிக்கவில்லை என்றால் சடங்குக்கு முன்பே விலக வேண்டும். சடங்கு இரகசியமானது, சில சங்கங்களில் கிறிஸ்தவ மரபின் சாயலும் உண்டு. உங்கள் வீட்டுக்கு அது பொருட்டானால் மகள் முன்பே கேட்கட்டும். கேட்பதில் தப்பில்லை.

காசு வளாகத்துக்கு வளாகம் மிகவும் மாறும். ஒரு தவணைக்குச் சில நூறு டொலரில் முடிகிற இடமும் உண்டு, வீட்டில் தங்கினால் பல ஆயிரம் ஆகிற இடமும் உண்டு. ஆகவே, 'எவ்வளவு' என்று மட்டும் கேட்காமல் கட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: சேர்ப்பு வாரப் பதிவு, புது அங்கத்தவர் கட்டணம், சடங்குக் கட்டணமும் உடுப்பில் குத்தும் சங்கச் சின்னமும், தவணைச் சந்தா, தலைமையகச் சந்தா, வீட்டில் தங்காதவரும் கட்டும் வீட்டுப் பராமரிப்புப் பணம், கட்டாயச் சாப்பாட்டுத் திட்டம். முதல் ஆண்டுதான் கூடச் செலவு. பட்டியலில் வராதவை ரீ-ஷேர்ட், விருந்துக்கு உடுப்பு, பிறகு சேரும் 'தங்கை'க்கு வாங்கும் பரிசு, கூட்டத்துக்கு வராவிட்டால் தண்டம். இரண்டாம் ஆண்டில் சங்க வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பல பெற்றோர் அந்த வாடகை ஒப்பந்தம் வரும்போதுதான் விழிக்கிறார்கள். ஐ-20 படிவத்தின் செலவுக் கணக்கில் இதெல்லாம் வழக்கமாகச் சேர்ந்திராது. எஃப்-1 மாணவி படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள்ளேயே, வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். 'உழைத்துக் கட்டுகிறேன்' என்று மகள் சொன்னால் அந்த 20 மணியோடு படிப்பையும் சங்க வேலையையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பகிடிவதைக்கு அங்கே 'ஹேஸிங்' என்று பெயர். பெரும்பாலான மாநிலங்களில் அது குற்றம். 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, விதி மீறிய மாணவர் அமைப்புகளின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் பகிரங்கமாக வெளியிட வேண்டும். சங்கத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உறக்கம் கெடுத்தல், 'அக்கா'மாருக்கு எடுபிடி, குடிக்கச் சொல்லுதல், 'வீட்டில் சொல்லாதே' என்ற சொல் – இவற்றில் ஒன்று போதும் வெளியே வர. குடிக்கும் வயது அங்கே 21. சங்க வீடுகளில் மது வைப்பதில்லை என்பது வழக்கம்; விருந்து நடப்பது ஆண்கள் சங்கங்களின் வீடுகளில். வெளிநாட்டு மாணவிக்கு இதில் இன்னொரு ஆபத்து: குடித்து வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் வழக்கு முடியுமுன்பே விசா ரத்தாகலாம்.

கேள்வி: கொழும்பிலிருந்து அமெரிக்கா வந்து முதலாவது தவணை. சேர்ப்பு வாரத்தில் ஒரு சங்கமும் என்னை எடுக்கவில்லை. இனி அடுத்த வருடம்தானா?
– ஒரு மாணவி, டெக்சாஸ்

பதில்: இல்லை. ஆள் நிரம்பாத சங்கங்கள் தவணை நடுவே, சுற்றுகள் எதுவும் இல்லாமல், நேரடியாக அழைப்புக் கொடுக்கும். 'கண்டினியுவஸ் ஓப்பன் பிடிங்' என்பார்கள். பான்ஹெலனிக் அலுவலகத்தில் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, அந்தச் சங்கங்களின் தொண்டு நிகழ்ச்சிகளுக்குப் போய் முகம் காட்டுங்கள். எல்லா வளாகத்திலும் எல்லாச் சங்கமும் இப்படி எடுப்பதில்லை என்பதால் இதையே நம்பி இருக்க வேண்டாம்.

நீங்கள் டெக்சாஸில் இருப்பது வசதி. தெற்காசியப் பெண்களை மையமாகக் கொண்டு தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா ஹியூஸ்டனிலும், கப்பா ஃபை காமா ஒஸ்டினிலும் 1998இல் உருவானவை. இவை பேரவைச் சேர்ப்பு வாரத்துக்குள் வருவதில்லை. தாங்களே அறிமுகக் கூட்டம் வைத்து எடுக்கும். கிளைகள் சிறியவை, பல இடங்களில் சொந்த வீடு இராது, அதனால் அந்தச் செலவும் இராது. ஆனால் இருபது பேர் கொண்ட சங்கத்தில் ஆளுக்கு ஒரு பொறுப்பு விழும். நூற்றுக்கணக்கானோர் உள்ள சங்கத்தில்போல் பின்வரிசையில் ஒளிய முடியாது. 'தெற்காசிய' என்றாலும் உள்ளே ஹிந்திப் பாட்டுத்தான் கூடக் கேட்கும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

கமலா ஹாரிஸ் சேர்ந்த அல்ஃபா கப்பா அல்ஃபா பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய சங்கம் அது. பிற இனத்தவரும் சேரலாம். வழிமுறை முற்றிலும் வேறு. முதல் தவணையில் எடுக்க மாட்டார்கள். குறிப்பிட்ட அளவு படிப்பு முடித்திருக்க வேண்டும், நல்ல ஜி.பி.ஏ. (புள்ளிச் சராசரி) வேண்டும், தொண்டு செய்த சான்று வேண்டும். பட்டம் பெற்ற பிறகும் அங்கத்தவர் முழு மூச்சாக இயங்குவார்கள். பேருக்குச் சேர நினைப்பவர்களுக்கு அது இடமல்ல.

கேள்வி: மன்னாரிலிருந்து கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறேன். தெரிந்தவர் யாருமில்லை. சங்கங்களில் சேர ஆசை, ஆனால் 'பகிடிவதைக்கு வராதவளைச் சங்கத்தில் சேர்க்க மாட்டோம்' என்கிறார்கள் சீனியர்மார்.
– பெயர் வேண்டாம், கொழும்பு 7

பதில்: அவர்கள் சொல்வது அதிகாரம் இல்லாத பேச்சு. பல்கலைக்கழகத்தில் பதிவான சங்கத்துக்கு ஒரு யாப்பு இருக்கும், பெரும் பொருளாளராக ஒரு விரிவுரையாளர் இருப்பார். அங்கத்துவம் யாப்பின்படிதான். செயலாளர் மறுத்தால் பெரும் பொருளாளரிடம் நேரே போங்கள். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். 2 ஆண்டுகள் வரை கடூழியச் சிறை, பாரதூரமானதற்கு அதைவிடக் கூட. முறைப்பாட்டை மாணவர் ஆலோசகரிடம் எழுத்தில் கொடுங்கள். திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் என்று அன்றிரவே குறித்துவைத்தால்தான் அந்த எழுத்துக்குப் பலம். வட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம்.

இனிச் சேர்வது பற்றி. தமிழ்ச் சங்கம், இந்து மாணவர் மன்றம், முஸ்லிம் மஜ்லிஸ், கத்தோலிக்க மாணவர் அமைப்பு, ரொட்டரக்ட், மேடைப் பேச்சுப் பழகும் கெவல் கழகம், விளையாட்டு அணிகள் என்று முதல் மாதத்தில் எல்லாரும் கூப்பிடுவார்கள். இரண்டு போதும்: ஒன்று உங்கள் மொழியில், ஒன்று சிங்கள, ஆங்கிலப் பிள்ளைகளோடு. தமிழ்க் கூட்டத்துக்குள்ளேயே நாலு வருடத்தை முடித்தவர்கள், கடைசி ஆண்டு ஆய்வுக் குழுவில் ஆள் தேடித் திண்டாடுவதை ஒவ்வொரு பட்ச்சிலும் பார்க்கலாம். நேரெதிராக, தமிழ்ப் பக்கமே போகாதவர்களைக் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவந்து பார்க்க ஆளிராது.

அங்கத்துவப் படிவம் நிரப்பியதால் யாருக்கும் சிநேகிதி கிடைத்ததில்லை. வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டு மலருக்கு எழுத்துப் பிழை பார்ப்பது, விளம்பரக் கடிதம் கொண்டு காலி வீதிக் கடைகளுக்கு ஏறி இறங்குவது, கலைவிழாவுக்கு உடுப்புக் கணக்கு வைப்பது. மூன்று பேராக வெயிலில் பத்துக் கடை ஏறினால், நாலு கூட்டத்தில் பக்கத்தில் இருந்ததைவிட நெருங்கிவிடுவீர்கள். ஒத்திகைகள் இரவில்தான் நீளும். போர்டிங் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளுமுன் சொல்லுங்கள், அதே பக்கம் போகிற ஒருத்தியோடு திரும்புங்கள். வார இறுதி வெறுமையாக இருந்தால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது; 1942இல் தொடங்கிய சங்கம், வளாக அரசியல் அங்கே வராது.

கேள்வி: தனியார் பட்டப்படிப்பு நிறுவனத்தில் படிக்கிறோம். சங்கம் ஒன்றும் இல்லை. நாங்களே ஒரு சொரொரிட்டி தொடங்கினால் என்ன?
– ஆறு தோழிகள், பம்பலப்பிட்டி

பதில்: தொடங்குங்கள், கிரேக்க எழுத்து மட்டும் வேண்டாம். அமெரிக்கச் சங்கங்களின் பெயரும் சின்னமும் பதிவு பெற்றவை. ஆறு பேர் நல்ல எண்ணிக்கை. கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று வையுங்கள். 'எல்லாருக்கும் வசதியான நாள்' பார்த்தால் மூன்றாவது கூட்டமே நடக்காது. நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதியும், பொறுப்பாக ஒரு விரிவுரையாளரும் வேண்டும். சந்தா சிறிதாக இருக்கட்டும், ஆனால் முதல் நாளிலிருந்தே பற்றுச்சீட்டு எழுதுங்கள். பணத்தை ஒருத்தியின் சொந்தக் கணக்கில் போட்டால் சண்டை நிச்சயம். இரண்டு பேர் ஒப்பமிட்டு எடுக்கும் கணக்கே நல்லது. இப்படியான குழுக்கள் பெரும்பாலும் சாவது தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுப் போகும் மாதத்தில். அடுத்த பட்ச்சிலிருந்து இரண்டு பேரை ஒரு வருடம் முன்பே செயலாளர், பொருளாளர் பக்கத்தில் துணையாக உட்கார்த்தி, கோப்பையும் கடவுச்சொற்களையும் கை மாற்றுங்கள்.

கேள்வி: மகள் மெல்பேர்னுக்குப் படிக்கப் போகிறாள். அங்கேயும் சொரொரிட்டி உண்டா?
– ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: அமெரிக்காவில் உள்ளதுபோல் அங்கே இல்லை. தவணை தொடங்கும் 'ஓ-வீக்'கில் எல்லாச் சங்கங்களும் மேசை போட்டிருக்கும்; பெயரைப் பதிந்து சிறு சந்தாக் கட்டினால் சேர்ந்தாயிற்று, யாரும் தெரிவு செய்வதில்லை. அந்த வாரத்தில் ஊர் பார்க்கப் போய்விட வேண்டாம் என்று மட்டும் மகளுக்குச் சொல்லிவையுங்கள்.