சாப்பிட்டு ரொம்ப நேரம் கழிச்சு வர்ற வாந்தி

காலையில சாப்பிட்டது சாயங்காலம் அப்படியே செரிக்காம வாந்தியா வருது, அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, இதை வெறும் கேஸ்னு விட்றாதீங்க ப்ளீஸ். சுகர் ரொம்ப நாள் இருந்தா இரைப்பையை அசைய வைக்கிற வேகஸ் நரம்பு பழுதாகலாம், அப்போ சாப்பாடு குடலுக்கு இறங்காம இரைப்பையிலயே தங்கிடும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், இதுக்கு கேஸ்ட்ரோபரேசிஸ்னு பேரு. ஆனா அல்சர் தழும்பாலயோ கட்டியாலயோ இரைப்பையில இருந்து குடலுக்கு போற வழி அடைச்சிருந்தாலும் இதே மாதிரிதான் வரும், அதனால முதல்ல எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியா கேமரா குழாய் விட்டு பாக்குறது. அதுல அடைப்பு இல்லன்னா, சாப்பாடு எவ்ளோ வேகமா இறங்குதுன்னு ஸ்கேன்ல பாப்பாங்க, 4 மணி நேரம் கழிச்சும் 10 சதவீதத்துக்கு மேல இரைப்பையில இருந்தா லேட்டுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, சுகருக்கும் எடை குறையவும் போடுற செமாக்ளூடைட் மாதிரி ஊசி அம்மா போடுறாங்களா? அதுவும் இரைப்பையை மெதுவாக்கும், டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. இன்சுலின் போட்டுட்டு வாந்தி எடுத்தா சுகர் திடீர்னு இறங்கிடும், எனக்கு அதுதான் பெரிய கவலை, அடிக்கடி செக் பண்ணுங்க.

டாக்டர்கிட்ட காட்டுற வரைக்கும் சாப்பாட்டை கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவை மசிச்சு குடுங்க, எண்ணெய், நார் ரெண்டும் குறைவா இருக்கட்டும், சாப்பிட்ட உடனே படுக்க விடாதீங்க. வாந்திக்கு குடுக்குற டாம்பெரிடோன் மாத்திரையை நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, இதயத்துடிப்பை பாதிக்கலாம்.

வாந்தியில ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வந்தா, வயிறு உப்பி வலி தாங்க முடியலன்னா, தண்ணிகூட நிக்கலன்னா உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போயிடுங்க.