5,200 ரூபாய் காம்போவில் உங்களுக்கு எது தேவை?

கேள்வி: முடிச்சூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு தினமும் போய்வர 27.5 அங்குல கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். டிஸ்க் பிரேக் உள்ளது. பகல் முழுக்க ஸ்டாண்டில் நிற்கும், திரும்ப இரவு எட்டரை ஆகும். ஜெல் சீட் கவர், கேபிள் பூட்டு, முன்பின் லைட், சக்கரத்து எல்இடி, மினி பம்பு, ஸ்பீடோமீட்டர் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு இருக்கும் கவலை இரண்டு. வண்டி நாள் முழுக்கப் பொது இடத்தில் ஆளில்லாமல் நிற்கிறது. நீங்கள் இருட்டில் ஓட்டுகிறீர்கள். அந்தக் காசில் பெரும்பகுதியைப் பூட்டுக்கும் லைட்டுக்கும் போடுங்கள்.

காம்போவில் வரும் கேபிள் பூட்டு பார்க்கத்தான் தடி. பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. உள்ளே இருப்பது மெல்லிய கம்பிகளைத் திரித்த கயிறு. பைக்குள் அடங்கும் கட்டருக்கு அது சில நொடி வேலை. மலிவான நம்பர் பூட்டுக்குக் கட்டர்கூட வேண்டாம், இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையங்களைத் திருப்பினால் சரியான எண்ணில் கையிலேயே தட்டுப்படும். வாங்க வேண்டியது ‘யூ’ வடிவ இரும்புப் பூட்டு, கம்பி 12 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும். பின் சக்கரம், ஃபிரேமின் பின்பக்க முக்கோணம், அசையாத ஒரு தூண் மூன்றையும் அது சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

தூணுக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். வண்டி நிறுத்தக் காசு வாங்குகிற ரயில் நிலைய ஸ்டாண்டுகளில் சைக்கிளைக் கட்டத் தரையில் ஒரு குழாய் ஊன்றியிருக்க மாட்டார்கள். ‘தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடிக்க மட்டும் டோக்கனில் இடம் இருக்கும். ஆகவே பூட்டு வாங்கும் முன் ஸ்டாண்டுக்குப் போய், கூரைத் தூணின் சுற்றளவை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். யூ பூட்டு சுற்றாத பருமன் என்றால் 8 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள கண்ணிச் சங்கிலி வாங்குங்கள்.

கேபிளுக்கும் ஒரே ஒரு வேலை உண்டு. முன் சக்கரத்தின் அச்சைப் பாருங்கள். நட்டுக்குப் பதில் விரல் நீளத்தில் மடக்கும் லீவர் இருந்தால், அது குயிக் ரிலீஸ். லீவரைத் திறந்து நாலு சுற்றுத் தளர்த்தினால் ஸ்பேனர் இல்லாமலே சக்கரம் தனியாக வந்துவிடும். பின்பக்கத்தை என்னதான் பூட்டினாலும் மாலையில் முன் சக்கரம் இல்லாத வண்டி நிற்கும். இங்கேதான் கேபிள் உதவும். பூட்டுடன் வருவது வேண்டாம். இரு முனையிலும் வளையம் வைத்தது வேண்டும். ஒரு வளையத்துக்குள் மறு முனையை விட்டு முன் சக்கரத்தைச் சுருக்குப் போட்டு, மிச்ச முனையை யூ பூட்டுக்குள் கோத்துவிடுங்கள். தினமும் இதைச் செய்யச் சலிப்பாக இருந்தால், லீவரைக் கழற்றிவிட்டு அல்லன் கீ என்ற அறுகோணச் சாவியால் முடுக்கும் அச்சுக்கம்பி போடச் சொல்லுங்கள். சீட் கிளாம்பிலும் லீவர் இருந்தால் அதையும் அப்படியே மாற்றுங்கள். அச்சில் நட்டு இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

காசில்லாத காரியம் ஒன்று: பெடல் அச்சுக்கு அடியில், ஃபிரேமில் ஒரு எண் குத்தியிருக்கும். அதைப் படம் எடுத்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. திருட்டுப் புகாரில் உங்களுக்கென்று இருக்கிற அடையாளம் அந்த எண். அதோடு போனாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதற்குள் இரண்டு நடை ஆகிவிடும். சைக்கிள் என்றால் அவ்வளவுதான் மதிப்பு.

அடுத்தது லைட். அட்டையில் அச்சிட்ட லூமென் (வெளிச்ச அளவு) கணக்கை நம்பாதீர்கள். கழற்றும் பேட்டரி உள்ள லைட்டானால் அதன் மேல் எழுதியதைப் படியுங்கள். விரலைவிடக் கொஞ்சம் பருத்த, 18650 என்ற அளவு செல்லில் மின்சாரம் சுமார் 3,500 எம்.ஏ.எச். வரைதான் அடங்கும். அதில் ‘9900’ என்று எழுதியிருந்தால் லூமெனும் அதே லட்சணம்தான். தெருவிளக்கு இல்லாத ரோட்டுக்கு உண்மையான 200 லூமென் கிடைத்தாலே ஓட்டிவிடலாம். முன் லைட்டின் வெளிச்சம் ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் தரையில் விழ வேண்டும். நிமிர்த்தி வைத்தால் எதிரே வருபவர் கண் கூசி உங்கள் மேலேயே வருவார். சிவப்பு லைட்டை சீட் தண்டில் மாட்டுகிறார்கள். கேரியரில் பை வைத்ததும் அது மறைந்துபோகும், கேரியரின் கடைசியில் மாட்டுங்கள். ரப்பர் பட்டையால் மாட்டும் வகை நல்லது, ஸ்டாண்டில் விடும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். புது லைட் போடும் சாக்கில் வண்டியோடு வந்த சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்ற விடாதீர்கள். பேட்டரி தீர்ந்த அன்று அதுதான் காப்பாற்றும். சக்கரத்து எல்இடி பக்கவாட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும், உங்களுக்கு ஆபத்து பின்னாலிருந்து.

பட்டியலில் இல்லாத ஹெல்மெட்டை வாங்குங்கள். உள்ளே ‘இஎன் 1078’ என்ற ஐரோப்பியத் தரச் சான்று ஸ்டிக்கர் இருக்க வேண்டும், புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும். மட்கார்டும் வாங்குங்கள், முழுநீளமானதாக. முடிச்சூரில் ஐப்பசி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேரியர் வாங்கினால் டிஸ்க் பிரேக்குக்கு ஏற்றதா என்று கேளுங்கள். சாதாரண கேரியரின் கால் பிரேக்கில் இடிக்கும்.

ஜெல் கவர் சீட்டின் மேல் நழுவி, தொடையில் உரசிப் புண்ணாக்கும். உட்கார வலித்தால் முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். டியூபில் பஞ்சர் லிக்விட் ஊற்றித் தருகிறேன் என்பார் கடைக்காரர், மறுத்துவிடுங்கள். அது வால்வை அடைக்கும். பிறகு பேட்ச் ஒட்டப் போனால் ஈரத்தில் பிடிக்காது.

காம்போ என்று ஒரே வரியில் பில் போட்டால் ஏற்காதீர்கள், பொருளுக்குப் பொருள் விலை கேளுங்கள். பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரியும் இருப்பது சட்டப்படி கட்டாயம். பல லைட் பெட்டிகளில் இரண்டும் இருக்காது, அல்லது விலை மேல் விலை ஒட்டியிருக்கும். நுகர்வோர் உதவி எண் 1915.

மினி பம்பு உங்கள் பருமனான டயருக்கு இருநூறு அடி அடித்தாலும் பாதிதான் நிரப்பும். மீட்டர் வைத்த தரை பம்பு ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் வாரம் ஒருமுறை அடியுங்கள். வாங்கும் முன் வால்வைப் பாருங்கள். மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வானால் பெட்ரோல் பங்க் காற்றும் பிடிக்கலாம். ஆனால் மோட்டார் பைக்கைவிடச் சின்ன டியூப், நொடியில் நிறைந்துவிடும். விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.