மகன் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான், அம்மாவுக்கு அந்த நாட்டில் தங்க முறையான பேப்பர் இல்லை. சட்டப்படி வழி ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் முதலில் ஒன்று தெரிய வேண்டும்: அம்மா அமெரிக்காவுக்குள் எப்படி வந்தார்?

நான் இருப்பது டெக்சாஸில், சான் அன்டோனியோவில். ராணுவத் தளங்கள் நிறைந்த ஊர். பக்கத்து வீட்டு அம்மா ஹோண்டுராஸ்காரர், எல்லை தாண்டி வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே பிறந்த மகன் தரைப்படையில் இருக்கிறான். அவருடைய விண்ணப்பத்துக்குக் காகிதம் சேர்க்க நானும் கூட உட்கார்ந்தேன். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

விசாவில் வந்து கெடு தாண்டித் தங்கிவிட்டவரென்றால், முறையாக நுழைந்தவர் என்பதால், குடிமகனான மகனுக்கு 21 வயது ஆனதும் இங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்கலாம். எல்லை தாண்டி வந்தவருக்கு அந்தக் கதவு அடைப்பு. சரி, ஊருக்குப் போய்த் தூதரகம் வழியாகத் திரும்பலாமே என்றால், ஒரு வருஷத்துக்கு மேல் அனுமதியில்லாமல் இருந்தவர் வெளியே போனதும் 10 வருஷத் தடை விழும். 1996 சட்டம் போட்ட முடிச்சு இது.

அதை அவிழ்ப்பதுதான் 'பரோல் இன் பிளேஸ்'. ஜெயில் பரோலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே பரோல் என்றால் தற்காலிகமாகத் தங்க அரசு தரும் அனுமதி, அது நாட்டை விட்டுப் போகாமலே கிடைக்கிறது. அது கிடைத்தால் 'அனுமதி இல்லாமல் நுழைந்தவர்' என்ற தடை விலகி, கிரீன் கார்டுக்கு இங்கேயே விண்ணப்பிக்கலாம். பணியில் இருப்பவர், ரிசர்வ் படையினர், முன்னாள் வீரர் ஆகியோரின் மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் கேட்கலாம். வழக்கமாக ஒரு வருஷத்துக்குத் தருவார்கள், வேலை அனுமதியும் கேட்கலாம். உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, அதிகாரி ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்து முடிவு செய்வார்.

இதன் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. 2007 மே மாதம் பாக்தாத்துக்குத் தெற்கே அலெக்ஸ் ஹிமெனஸ் என்ற வீரர் பிடித்துச் செல்லப்பட்டார். ராணுவம் அவரைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில், டொமினிகன் குடியரசிலிருந்து வந்த அவர் மனைவியை வெளியேற்றும் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அந்தப் பெண்ணை இங்கேயே இருக்க விட்டார்கள். அடுத்த வருஷம் ஹிமெனஸின் உடல் கிடைத்தது. 2013 நவம்பரில் இந்தச் சலுகை எழுத்து வடிவில் கொள்கையானது.

பக்கத்து வீட்டு அம்மாவின் காகிதமெல்லாம் ஒரு ஷூ டப்பாவில் இருந்தது: மகனின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட ரிப்போர்ட், மஞ்சளேறிப்போன கரன்ட் பில்கள். மகனின் பணிச் சான்று, உறவைக் காட்டும் சான்று, அவருடைய அடையாளம், இரண்டு போட்டோ, எல்லாம் பரோல் கேட்கும் ஐ-131 படிவத்தோடு போனது. வரி கட்டியது, சர்ச்சில் செய்த சேவை என நல்லதாக இருப்பதையெல்லாம் சேர்த்தோம்.

ஆனால் எதையும் அனுப்புவதற்கு முன், பழைய வெளியேற்ற உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்று வக்கீல் மூலம் பார்த்துவிடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 2025 மே மாதம் லூசியானாவில், முன்னாள் மரைன் வீரர் ஒருவரின் மனைவியை கிரீன் கார்டு சந்திப்புக்குப் போன இடத்திலேயே பிடித்துவைத்தார்கள். சின்ன வயதில் தாயோடு வந்தவர். தாய் ஒரு விசாரணைக்குப் போகாததால் 2018 இல் பிறந்த வெளியேற்ற உத்தரவுதான் காரணம். பிடிபட்ட அந்தப் பெண்ணோ கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர். வீட்டில் ராணுவச் சேவை இருக்கிறது என்பது மட்டுமே இப்போது கவசமாகாது.

அப்புறம், 'நோட்டாரியோ' என்று போர்டு மாட்டியவர்களிடம் போகாதீர்கள். லத்தீன் அமெரிக்காவில் அந்தப் பெயர் பெரிய வக்கீலைக் குறிக்கும், இங்கே முத்திரை குத்துபவர் மட்டும்தான். இந்த அம்மா அப்படி ஒருவரிடம் பணத்தை இழந்த பிறகுதான் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ராணுவத் தளங்களில் சட்ட உதவி அலுவலகம் இருக்கும், ஆலோசனைக்குக் காசு கிடையாது. குடியேற்ற வழக்கை அவர்களே எடுக்காவிட்டாலும் யாரிடம் போகலாம் என்று கேட்கலாம். அப்பாயின்ட்மென்ட்டை மகனையே வாங்கச் சொல்லுங்கள்.